யார் முதலில்? கும்மிடிப்பூண்டிச் சாலையில் தரம்பிரித்தல் பற்றிச் சில குறிப்புகள்

2009ஆம் வருடம், ஐப்பசி மழை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் ஃபிட்டராக இருந்தேன், கூடவே சங்க வேலை. இரவு ஷிஃப்டில் உலை தெறித்து எங்கள் தோழர் ஒருவருக்கு வலது கை வெந்துவிட்டது. காண்ட்ராக்டரின் வேனில் போட்டு நெடுஞ்சாலையோரம் இருந்த ஓர் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். எந்த மருத்துவமனை என்பது இங்கே முக்கியமில்லை. கேசுவாலிட்டியில் ஒரே ஒரு ஸ்டாஃப் நர்ஸ், ஒரு ஆயாம்மா. டியூட்டி டாக்டர் உள்ளே பிரசவக் கேஸில் இருந்தார்.

நர்ஸ் வந்தார், கையைப் பார்த்தார், ஏதோ சொல்லிக்கொண்டே வராந்தா பக்கம் கையைக் காட்டிவிட்டு எங்களைத் தாண்டிப் போய்விட்டார். போய் நின்ற இடம் பெஞ்சின் கடைசி. அங்கே வயிற்றை அணைத்தபடி ஒரு ஒரியாப் பையன் உட்கார்ந்திருந்தான். வேறு கம்பெனி. கம்பிக் கட்டு சரிந்து இடித்துவிட்டதாம். அவன் வாயைத் திறக்கவே இல்லை. எங்கள் ஆளோ வளாகமே அதிரக் கத்திக்கொண்டிருந்தார். நானும் கத்தினேன்: "சிஸ்டர், இங்க ஒருத்தன் வெந்து துடிக்கிறான், நீங்க சும்மா உக்காந்துகினு இருக்கிறவனப் பாக்கப் போறீங்களே, இன்னா நியாயம் இது?" அவர் திரும்பவில்லை. அவன் மணிக்கட்டைப் பிடித்தார், நகத்தை அழுத்திவிட்டுப் பார்த்தார், கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். "ஆயாம்மா, டாக்டரக் கூப்பிடு, ஓடு" என்றார். கால் மணி நேரத்தில் அவன் சென்னைக்குப் போகும் ஆம்புலன்ஸில் இருந்தான். எங்கள் தோழருக்குக் கட்டுப்போட நாற்பது நிமிடம் ஆனது.

மறுநாள் மனு எழுதினேன். 'பணியில் அலட்சியம்' என்று தலைப்பு. 43 கையெழுத்து. அவருக்கு மெமோ கொடுத்தார்கள், விளக்கம் கேட்டார்கள். வென்றுவிட்டதாக நினைத்தோம். அந்தப் பையனுக்கு மண்ணீரல் கிழிந்து வயிற்றுக்குள் ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது. சென்னையில் அறுவை செய்து பிழைத்தான். அதைச் சொன்னவர் அதே நர்ஸ். ஒரு சுகாதாரத் தொழிலாளர் கூட்டத்தில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார், நான்தான் கண்டுகொள்ளவில்லை. "அண்ணே, கத்துறவன் மூச்சு விடுறான்னு அர்த்தம். சத்தம் போடாதவனத்தான் நான் மொதல்ல பாக்கணும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

இக்கட்டுரை அந்த வாக்கியத்திலிருந்து பின்னோக்கிப் போகும் முயற்சி. அவர் அன்றிரவு செய்ததற்கு ஒரு பெயர் இருக்கிறது, ட்ரையாஜ். அதற்கு 200 வருடத்துக்கு மேலான வரலாறும் இருக்கிறது. ஆனால் அந்த இரவைப் பொறுத்தவரை, அவருடைய வேலையைப் பற்றி எழுத்தில் மிஞ்சியிருக்கும் ஆவணம் என்னுடைய மனு ஒன்றுதான். சரியாகச் செய்த தரம்பிரித்தல் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. புகார் மட்டும் ஏறிவிடுகிறது. தொழிலாளர் வரலாறு எழுதுகிறோம் என்று சொல்லிக்கொள்கிற நமக்கு இது கொஞ்சம் சங்கடமான விஷயம்.

ட்ரையாஜ் என்பது பிரெஞ்சுச் சொல். பிரித்தெடுத்தல், பொறுக்குதல் என்று பொருள். போர்க்களத்துக்கு வரும் முன்பே சந்தையில் இருந்த சொல். ஆட்டு ரோமத்தைத் தரம்பிரிப்பதற்கு வழங்கியது. காப்பி வியாபாரத்தில், நல்ல கொட்டையெல்லாம் பொறுக்கி எடுத்தபின் மிஞ்சும் உடைசலுக்கே அதுதான் பெயர். மனித உடல்களின் மேல் இச்செயலை ஒழுங்காகப் பயன்படுத்தியவர் என்று நெப்போலியனின் அறுவை மருத்துவர் லாரேயைச் சொல்வார்கள். பதவியையும் எந்த நாட்டான் என்பதையும் பார்க்காதே, காயம் எவ்வளவு மோசம் என்பதை மட்டும் பார் என்பது அவர் வகுத்த விதி. ஜெனரல் கீறலோடு காத்திருப்பான், குடல் சரிந்த சிப்பாய் முதலில் போவான். படிநிலையையே உயிராகக் கொண்ட ஒரு ராணுவத்தின் நடுவில் இப்படி ஒரு விதி எழுந்தது வினோதம்தான். சமத்துவம் என்ற சொல் அந்தத் தேசத்தில் அப்போது இன்னும் சூடு ஆறாமல் இருந்தது என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

ஆனால் அதே செயலுக்கு வேறொரு முகமும் உண்டு. முதல் உலகப்போர்க் காலத்தில் தரம்பிரித்தலின் நோக்கம் மெல்ல நகர்ந்தது. யாரைச் சீக்கிரம் தேற்றி மறுபடி பதுங்குகுழிக்கு அனுப்ப முடியும் என்பதே கேள்வியாயிற்று. ஆள்பலத்தைக் காப்பாற்றுவதே மருத்துவத்தின் கடமை. 'தேவை' என்ற அளவுகோலின் இடத்தில் 'பயன்' வந்து உட்கார்ந்தது. தொழிற்சாலை டாக்டர் "ஃபிட் ஃபார் டியூட்டி" என்று எழுதிக் கொடுக்கும் சீட்டை வாங்கியவர்களுக்கு இது புதிய செய்தியல்ல.

இதில் செவிலியர் எங்கே? கிரிமியப் போரில், 1854-55இல், செவாஸ்தபோலில் ரஷ்ய அறுவை மருத்துவர் பிரகோவ் காயம்பட்டவர்களைப் பிரிவுகளாகப் பிரித்தார். அவருடன் வேலை செய்ய ஒரு பெண்கள் அமைப்பு, சிலுவையின் சகோதரிகள், வந்திருந்தது. அந்த ஏற்பாட்டில் பிழைக்க வழியில்லாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பிரிவு சகோதரிகளிடமும் பாதிரிமாரிடமும் ஒப்படைக்கப்பட்டது. பிரிப்பது ஆணின் கண், கைவிடப்பட்டவனோடு உட்கார்ந்திருப்பது பெண்ணின் கை. இந்த வேலைப் பிரிவினை நம் மருத்துவமனைகளின் சுவரில் காரையாகவே பூசப்பட்டிருக்கிறது. 1990களில் நம் சிறுபத்திரிகைகள் ஃபூக்கோவைக் கையில் எடுத்து மருத்துவரின் பார்வை பற்றியும் உடல் மீதான அதிகாரம் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதின. நானும் வாசித்தேன், பாதி புரிந்தது. 1963இல் வந்த அந்த மருத்துவமனைப் புத்தகம் பார்வையைப் பற்றிப் பேசுகிறது. நகத்தை அழுத்தி விடுகிற விரலுக்கு அதில் இடம் குறைவு.

பிரிக்கும் உரிமை செவிலியின் கைக்கு வந்தது மிகத் தாமதமாக. 1960களில் அமெரிக்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் கூட்டம் பெருகி, வாசலில் யாராவது நின்று பிரித்தே தீரவேண்டும் என்ற நிலை வந்தது. 1990களில் ஆஸ்திரேலியாவும் இங்கிலாந்தின் மான்செஸ்டரும் இத்தனை நிமிடத்துக்குள் டாக்டர் பார்க்க வேண்டும் என்று அளவு வைத்து, அதைத் தீர்மானிப்பவர் செவிலி என்று முறைப்படுத்தின. தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் 2008இல் ஓடத் தொடங்கியது. விபத்து மற்றும் அவசர சிகிச்சைக்கான 'டேய்' திட்டம் அதற்கும் பத்து வருடம் கழித்துத்தான் அரசு மருத்துவமனைகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று தரையில் கோடு போட்டது. ஆக 2009இல் அந்த அம்மாள் செய்ததற்கு அங்கே வண்ணமும் இல்லை, படிவமும் இல்லை, அதிகாரமும் இல்லை. பழக்கம் இருந்தது. அது போதுமானதாக இருந்தது.

இந்த மண்ணுக்கு உடல்களைப் பிரிப்பது புதிதல்ல. கும்மிடிப்பூண்டியில் பெரிய அடி பட்டால் இன்றும் பெரும்பாலும் ஸ்டான்லிக்குத்தான் போகிறார்கள். வடசென்னையின் பழைய ஆட்கள் அதைக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்பார்கள். 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரத்தின் வழிவந்தது அது. கஞ்சிக்கு வரிசையில் நிற்பவர்களில் யார் படுத்த படுக்கை, யார் எழுந்து நடப்பவன் என்று யாரோ ஒருவர் பார்த்துத்தானே இருப்பார்? அடுத்த நூற்றாண்டின் பெரும் பஞ்சத்தில், 1877இல், அந்தப் பார்வை அரசின் கொள்கையாகவே ஆனது. ரிச்சர்ட் டெம்பிள் வந்து நிவாரண வேலைக்கான கூலியை ஆண் ஒருவனுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் என்று வெட்டினார். மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் இது உயிர்தாங்காது என்று வாதிட்டார். வேலை செய்யத் தெம்பிருக்கிறவன் ஒரு பக்கம், இல்லாதவன் இன்னொரு பக்கம். பின்னால் வந்த பஞ்ச விதித் தொகுப்புகள் இந்தப் பிரிவைச் சட்டமாக்கின. டெம்பிள் எழுதியதும் இருக்கிறது, கார்னிஷ் எழுதியதும் இருக்கிறது. முகாம் வாசலில் நின்று ஒவ்வொரு உடம்பாகப் பார்த்து, நீ இந்தப் பக்கம் போ என்று சொன்ன கைகளின் சொந்தக்காரர்கள் எதுவும் எழுதிவைக்கவில்லை.

இப்போது தொழிற்சாலைக்கு வருகிறேன். சிப்காட் நிறுவனம் 1971இல் தொடங்கியது. அதன் கும்மிடிப்பூண்டி வளாகத்தில் இரும்பு உருக்கும் ஆலைகள் நிறைய. இண்டக்‌ஷன் உலையில் போடுவது பழைய இரும்பு, எங்க பாஷையில் ஸ்கிராப். அதையும் தரம்பிரிக்க வேண்டும். ஈரமாக இருக்கக்கூடாது, மூடிய குழாய், உருளை எதுவும் கலந்திருக்கக்கூடாது. உள்ளே மாட்டிய நீர் ஒரே நொடியில் ஆவியாகி உருகிய இரும்பை மேலே தூக்கி அடிக்கும். 2004இல் உத்தரப் பிரதேசத்தில் காஜியாபாத் பக்கம் ஓர் ஆலையில், இறக்குமதி ஸ்கிராப்போடு வந்த பீரங்கிக் குண்டு வெடித்து 10 தொழிலாளர்கள் செத்தார்கள். மழைக்காலத்தில், திறந்த வெளியில் கொட்டிக் கிடக்கும் ஸ்கிராப்பை, அவசர அவசரமாக, காண்ட்ராக்ட் ஆட்களை வைத்துப் பொறுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் தோழரின் கை சாட்சி. ஆலை வாசலில் சரியாக நடக்காத தரம்பிரித்தல்தான் இரவு 11 மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் இன்னொரு தரம்பிரித்தலாக வந்து நிற்கிறது. இரண்டையும் செய்வது கீழ்மட்டத்து ஆட்கள். தப்பானால் மெமோ வாங்குவதும் அவர்களே.

வேனில் ஏறும் முன்பே உடல் பலமுறை பிரிக்கப்பட்டுவிடுகிறது. நிரந்தரத் தொழிலாளியா, காண்ட்ராக்டா? இ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறதா? இருந்தால் அயனாவரம் வரை தாங்குமா? தனியார் ஆஸ்பத்திரியா, ஜி.எச்.சா? ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் பதிவாகிவிடும், அதனால் பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோ. இந்தக் கடைசி விஷயம் மருத்துவத்தையே தடுமாறச் செய்யும். 1983இல் கலிஃபோர்னியாவில் உருவாக்கி உலகம் முழுக்கப் பரவிய ஒரு முறையில் முதல் கேள்வி, நடக்க முடிகிறதா என்பது. நடந்தால் பச்சை, காத்திருக்கலாம். பெருவிபத்து நடந்த இடத்தில் அது நியாயமான கேள்விதான். எங்கள் பக்கத்துப் பையன்களோ செத்துக்கொண்டே நடந்து வருவார்கள். நடக்கவில்லையென்றால் வேலை போய்விடும் என்று பழகிய கால்கள். "நடந்து வந்தான்னு நான் எழுதவே மாட்டேன். யார் கூட்டிட்டு வந்தான், எப்படி எறக்குனான்னு பாப்பேன்" என்றார் அந்த நர்ஸ்.

மொழி இன்னொரு சிக்கல். அதே முறையில் அடுத்தடுத்து மூச்சு எண்ணிக்கை, நாடி, கடைசியில் சொன்னதைச் செய்கிறானா என்று ஒரு சோதனை. 1974இல் கிளாஸ்கோவில் உண்டாக்கிய, தலைக்காயத்துக்கு இன்று எல்லாரும் பயன்படுத்தும் அளவுகோலிலும் பேச்சுக்கு 5 மதிப்பெண் உண்டு, உளறினால் ஒன்று குறையும். பீகாரிலிருந்து வந்து போஜ்புரி பேசுகிற ஒருவனிடம் "கைய மூடித் தெற" என்று தமிழில் சொல்லிவிட்டு, அவன் விழித்தால் என்ன மதிப்பெண் போடுவது? தலையில் அடியா, பாஷை தெரியாததா? அல்லது வழக்கமாக முடிவுகட்டுவது போலக் குடிபோதையா? மூன்றும் ஒரே மாதிரி தெரியும். குடித்திருக்கிறான் என்று ஓரமாகப் படுக்கவைத்து விடியும்போது மூளையில் ரத்தக்கட்டோடு கண்ட கதை ஒவ்வொரு கேசுவாலிட்டியிலும் ஒன்றாவது இருக்கும். அவர் என்ன செய்தாராம்? ரிப்போர்ட் நோட்டின் பின்னட்டையில் தமிழ் எழுத்திலேயே எழுதிவைத்திருந்தார்: தர்த், கஹாங், சாங்ஸ், உல்ட்டி, ஹாத் உடாவ். பக்கத்தில் ஒரியாவில் நாலு வார்த்தை, ஒரு தறிவேலைப் பையன் சொல்லிக்கொடுத்தது. யாரும் கொடுத்த பயிற்சி இல்லை. நோட்டு தீர்ந்தால் அடுத்த நோட்டின் பின்னட்டையில் அடுத்த டியூட்டிக்காரர் பார்த்து எழுதிக்கொள்வார். கும்மிடிப்பூண்டியின் புலம்பெயர் தொழிலாளர் வரலாறு எழுதப்போகிறவர்கள் அந்த நோட்டுகளைத் தேடிப்போனால் நன்றாக இருக்கும். பெரும்பாலும் எடைக்குப் போட்டிருப்பார்கள்.

ஏ.ஆர். புத்தகம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். விபத்து எப்படி நடந்தது என்று அதில் எழுதும் ஒரு வரிதான் பின்னால் நஷ்டஈட்டு வழக்கின் முதுகெலும்பு. 1923ஆம் வருடத்து நஷ்டஈட்டுச் சட்டத்தின் கீழ் எத்தனையோ வழக்குகள் அந்த ஒரு வரியில் விழுந்திருக்கின்றன. காண்ட்ராக்டர் முந்திக்கொண்டு "சைக்கிள்ல இருந்து வுழுந்துட்டான் சார்" என்பான். டாக்டர் எழுதுவார், கையெழுத்திடுவார். ஆனால் முதல் மூன்று நிமிடத்தில், பயம் தெளியும் முன், பையன் தன் வாயால் சொன்னதைக் கேட்டவர் நர்ஸ். அவர் கேட்டது சாட்சியமாவதில்லை. சில நேரம் அவர் டாக்டர் காதில் போட்டுவைப்பார். சில நேரம் மாட்டார். ஏன் எப்போதும் சொல்வதில்லை என்று கேட்டேன். "அந்த காண்ட்ராக்டர் நாளைக்கு எங்க வீட்டுத் தெருவுலதான் நிப்பான்" என்றார். இதை மறைத்துவிட்டு அவரை வீராங்கனையாக்க எனக்கு விருப்பமில்லை.

2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை. இரவு எட்டரை மணிக்குக் கவரைப்பேட்டையில் மைசூர்-தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ் பக்கவாட்டுத் தடத்தில் நின்ற சரக்கு ரயிலில் மோதியது. பெட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்த படத்தைப் பார்த்தவர்கள் நூறு பிணம் என்றே நினைத்தோம். ஒருவரும் சாகவில்லை. ஏறத்தாழ 20 பேருக்குக் காயம், பொன்னேரிக்கும் ஸ்டான்லிக்கும் போனார்கள். அதற்கு முந்தைய வருடம் ஜூன் 2ஆம் தேதி, ஒடிசாவின் பாலசோரில், சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸும் இதே போலத் தடம் மாறிச் சரக்கு ரயிலில் மோதி, 290க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அங்கே பிணங்களை அடுக்கிய பள்ளிக்கூடத்தில் மகனைத் தேடிப்போன ஒரு தகப்பன், அசையும் கையைக் கண்டு அவனை உயிரோடு மீட்டார் என்று அப்போது செய்தி வந்தது. கறுப்பு என்று ஒதுக்கப்பட்டவன். அத்தனை பேரை அத்தனை வேகத்தில் பிரிக்கும்போது யாரோ ஒருவர் கை ஓர் உடம்பைத் தொடாமல் தாண்டியிருக்கிறது. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை, மனு எழுதியவன் என்பதால்.

கவரைப்பேட்டை இரவில் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்த நர்சுகளையும் கூப்பிட்டார்கள் என்று அவர் சொன்னார். "போன்ல கேட்டதும் மொதல்ல எண்ணுனது எத்தன பேருன்னு இல்ல. எத்தன ட்ராலி இருக்குன்னு." கொஞ்சம் பேர்தான் என்று தெரிந்ததும் பலர் அழுதார்களாம்.

பிரிக்கிறவர்களையும் பிரிக்கிறார்கள். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி 1871இல் தொடங்கியது. பதிவுச் சட்டம் 1926இல் வந்தது. இத்தனை பழைய தொழிலுக்கு 2015இல் தேர்வு வைத்து எடுத்த ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கொடுத்தது 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்ற பேச்சு காற்றில் போக, 2017 நவம்பரில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் வந்து உட்கார்ந்தார்கள். கொரோனாவில் அவசரமாக எடுத்த 2,000க்கும் மேற்பட்டோரை 2022 டிசம்பர் 31உடன் போதும் என்று அனுப்பினார்கள். ஒரே கேசுவாலிட்டியில், ஒரே கோட்டுக்குப் பின்னால், ஒரே வேலை செய்யும் இரண்டு பெண்களில் ஒருத்திக்கு மற்றவளின் சம்பளத்தில் கால்பங்கு. காயத்தைப் பார், பதவியைப் பார்க்காதே என்ற லாரேயின் விதியை நோயாளிகளுக்கு அமல்படுத்துவது இவர்கள் வேலை. சம்பளப் பட்டியலில் அந்த விதி கிடையாது.

கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது நான் மன்னிப்பு மாதிரி ஏதோ சொன்னேன். அவர் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. வேறொன்று கேட்டார்: "அந்த ஆள் கை எப்படிண்ணே இருக்கு?" இரண்டு விரல் மடங்காது என்றேன். "தண்ணி காட்டுனீங்களா? வராந்தா கொழாயில இருவது நிமிஷம் கையப் புடிச்சிகினு நில்லுங்கன்னு சொல்லிட்டுத்தானே போனேன்."

எனக்குக் கேட்கவில்லை. நான் கத்திக்கொண்டிருந்தேன். அந்த நாற்பது நிமிடமும் குழாய் பத்தடி தூரத்தில் இருந்தது. மனுவில் 'முதலுதவிகூடச் செய்யாமல்' என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த மனுவின் நகல் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது.

தோழர் இப்போது ஆரம்பாக்கம் போகும் வழியில் டீக்கடை வைத்திருக்கிறார். போன மாதம் போய்ச் சொன்னேன். மூன்று விரலால் கிளாஸைப் பிடித்து ஆற்றிக்கொண்டே கேட்டார். அப்புறம், "உனக்குக் கேக்கலன்னா எனக்கு எப்படிய்யா கேட்டிருக்கும், நானும்தான் கத்திகினு இருந்தேன்" என்றார். காசு வாங்கவில்லை. அந்த ஒரியாப் பையன் எந்தக் கம்பெனி என்று விசாரித்தார்.